கல்யாண மண்டபத்தில் ஓர் ஓவனுக்கு வீடு கட்டியது

எங்கள் சர்வீஸ் ஆட்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. முகூர்த்த மாதம் பிறந்தால் அதில் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். "அண்ணே, பில்ட்-இன் ஓவன் பார்ட்டி வூட்டுக்கு வந்துடுச்சு. கார்பெண்டர் இன்னும் அலமாரி செய்யல. அதுவரைக்கும் தரையில வச்சு யூஸ் பண்ணலாமான்னு கேக்குறாங்க. என்னா சொல்றது?" கேட்டவர் யாராக இருந்தாலும் கீழே பத்துப் பேர் ஒரே பதிலைத்தான் போடுவார்கள். "லூர்து அண்ணனைக் கேளு. உப்பு எவ்ளோ வைக்கணும்னு சொல்லுவாரு."

அந்த லூர்துசாமி நான்தான். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. வேலை என்னை விட்டுவிட்டது, உப்பு மட்டும் விடவில்லை. நடந்ததை ஒருமுறை ஒழுங்காக எழுதி வைத்துவிட்டால் இனிமேல் கேட்பவர்களுக்கு இதையே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கடலூர் முதுநகர்தான் என் ஊர். ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்தேன். அதன் பிறகு ஒரு மிக்ஸி ரிப்பேர் கடையில் மோட்டார் சுற்றினேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. சுற்றினேன், அவ்வளவுதான். பிறகு வீட்டுச் சாமான் விற்கும் ஒரு பெரிய கடையின் சர்வீஸ் பிரிவில் சேர்ந்தேன். அங்கேதான் தாமோதரன் சார் எனக்கு மேனேஜராக வாய்த்தார்.

தாமோதரன் சாருக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். குரலைக் குறைப்பார். கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். உச்சக் கோபத்தில் உதடு மட்டும்தான் அசையும். நாங்கள் அப்போது ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுக் காது கொடுத்துத் திட்டு வாங்குவோம்.

அவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் தண்ணீர் குடிப்பது. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்க வேண்டும். வாங்கி, ஸ்விட்ச் போர்டு பக்கத்தில் நின்றுகொண்டு, மெதுவாகக் குடிக்க வேண்டும். குடித்து முடிப்பதற்குள் பிளக் கறுத்திருக்கிறதா, ஒயர் இளகியிருக்கிறதா, எர்த் இருக்கிறதா, எல்லாவற்றையும் கண்ணால் மேய்ந்துவிட வேண்டும். வீட்டுக்காரருக்கும் சங்கடம் இல்லை, நமக்கும் வேலை முடிந்தது. வயரிங் நன்றாக இருந்தால் அரை டம்ளர் போதும். ஜாஸ்தி தண்ணீர் குடித்தோம் என்றால் அந்த வீட்டில் ஜாஸ்தி கோளாறு என்று அர்த்தம்.

இரண்டாவது பாடம் ஒரே வரி. "ஃபிட் பண்ணாம ஆன் பண்ணாதே." மிக்ஸிக்கும் ஃபிரிட்ஜுக்கும் இந்த விதி தேவைப்படவில்லை. சிதம்பரம், கடலூர் பக்கமெல்லாம் மாடுலர் கிச்சன் வந்து, கூடவே பில்ட்-இன் சாமான் வந்த பிறகுதான் இதற்கு வேலை வந்தது. பில்ட்-இன் ஓவன் என்றால் அலமாரிக்குள் பொருத்துகிற ஓவன். முன்பக்கம் கறுப்புக் கண்ணாடி பளபளக்கும். பின்னாலும் பக்கவாட்டிலும் வெறும் தகரம். அதற்கு அலமாரிதான் சட்டை. கால்கூடக் கிடையாது. சட்டை போடுவதற்கு முன்பே அதை வேலைக்கு அனுப்பினால் அது மானத்தையும் வாங்கும், கையையும் சுடும்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு வாத்தியார் இருந்தார். சமையலறைச் சிம்னியைச் சுவரில் மாட்ட ஆள் வருவதற்குள் அதைத் தரையில் படுக்கவைத்து, காற்று வெளியேறும் வாய்க்கு நேரே தலையணை போட்டுத் தூங்கினார். நான் போய் எழுப்பியதும், "காத்து நல்லாத்தான் வருது சார், ஆனா சத்தம் ஜாஸ்தி" என்று புகார் எழுதச் சொன்னார்.

லால்பேட்டையில் ஒரு வீட்டில் பில்ட்-இன் பாத்திரம் கழுவும் மெஷின். மேலே கல் பதித்து அதோடு பிணைத்தால்தான் அது நிற்கும். அவர்கள் கூடத்தில் அப்படியே வைத்து, கீழ்த்தட்டு நிறையப் பிரியாணித் தட்டுகளை அடுக்கி, அந்தத் தட்டை வெளியே இழுத்திருக்கிறார்கள். மெஷின் முன்பக்கமாகக் குனிந்துவிட்டது. வீட்டுக்கார அம்மா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "வாங்க தம்பி, ஒங்க மெஷின் ரொம்ப மரியாதையான மெஷின். வர்றவுங்க போறவுங்களுக்கெல்லாம் சலாம் வைக்குது." பீங்கான் தட்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை. பாரம் முன்னால் வந்தால் பொட்டியும் முன்னால் வரும் என்பது அன்றைக்கு என் மண்டையில் ஆணி அடித்தாற்போல் பதிந்தது.

இனி அந்தக் கல்யாணத்துக்கு வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு தாமோதரன் சார் போன் செய்தார். குரல் அநேகமாகக் கேட்கவில்லை. "சிதம்பரத்துல ஒரு கல்யாண மண்டபம். நம்ம கடையில வாங்குன ஓவன். பழைய சாமான்னு சொல்றாங்களாம். போ." கோயிலுக்குப் போகவேண்டிய நேரத்தில் டூல் பையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன். என் மனைவி, "ஒங்க சார் பேர்ல ஒரு ஜெபம் பண்ணிட்டு வரேன்" என்றாள். எந்த மாதிரி ஜெபம் என்று நான் கேட்கவில்லை.

பெண் கயல்விழி, கிள்ளையைச் சேர்ந்தவள். அப்பா பெருமாள் சொந்தப் படகில் கடலுக்குப் போகிறவர். அவள் வீட்டிலேயே கேக்கும் பிஸ்கட்டும் செய்து ஆர்டருக்குக் கொடுத்து, அந்தச் சம்பாத்தியத்தில் தானே வாங்கிய ஓவன் அது. யாரும் கேட்கவும் இல்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு சிதம்பரத்தில் தொழிலைத் தொடரப் போகிறாள். அடுத்த வாரமே இரண்டு பிறந்தநாள் ஆர்டர் கையில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டுச் சமையலறையில் ஆசாரி வேலை முடியவில்லை என்பதால் ஓவன் நேராக மண்டபத்துக்கு வந்துவிட்டது. வந்ததுதான் வந்தது, சீர்வரிசையோடு வைத்தால் பார்வையாக இருக்குமே என்று பெருமாள் அதை நடுநாயகமாக வைத்துவிட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

சீர் பார்க்க வந்தவர்கள் பீரோவைப் பார்த்தார்கள், கட்டிலைப் பார்த்தார்கள், ஓவனையும் சுற்றி வந்து பார்த்தார்கள். பக்கவாட்டில் வெறும் தகரம், பின்னால் ஓட்டை ஓட்டையாக, கால் இல்லை. வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது. மாப்பிள்ளையின் பெரியம்மா மங்கையர்க்கரசி அம்மாள்தான் அந்த வீட்டில் எல்லாம். மாப்பிள்ளை சதீஷை வளர்த்தவரும் அவரே. அவர் சொன்ன ஒரு சொல் மண்டபம் முழுக்கச் சுற்றிவிட்டது. "மேல்கூட்டைக் கழட்டி வித்துட்டு எலும்புக்கூட்டைக் குடுத்துருக்காங்க."

பெண் வீட்டார் சும்மா இருக்கவில்லை. போட்டுக் காட்டுகிறோம் என்று மாப்பிள்ளையின் தாய்மாமாவையே விட்டு ஸ்விட்சைப் போடவைத்திருக்கிறார்கள். ஓவனில் பன்னிரண்டு மணி என்று மின்னி மின்னி அணைந்ததே தவிர, சூடு வரவில்லை. எலும்புக்கூடு என்பது உறுதியாயிற்று.

நான் போய்ச் சேர்ந்தபோது பெரியம்மா ஓவனுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்கதான் கம்பெனி ஆளா? பாருங்க. இது வேலை செஞ்சா எங்க வூட்டுக்கு வரும். இல்லாட்டி வந்த வண்டியிலயே கிள்ளைக்குத் திரும்பிப் போவும்."

மணமகள் அறை வாசலில் பாதி அலங்காரத்தோடு நின்ற கயல்விழி சத்தம் போடாமல் சொன்னாள். "அது போனா நானும் அது கூடவே போறேன் பெரியம்மா. அடுப்பு எங்கயோ நானும் அங்க."

அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது, குரலில் இல்லை. கடலில் எத்தனையோ பார்த்த பெருமாள் தகரப் பொட்டி முன்னால் வியர்த்து நின்றார். முகூர்த்தத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை.

"கொஞ்சம் குடிக்கத் தண்ணி குடுங்க" என்றேன்.

முதல் டம்ளரில் ஓவனைப் பார்த்தேன். அதன் கதவுக்கு மேலே சூட்டுக்காற்று வெளியேறும் இடுக்கில் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்திருந்தார்கள். சுற்றிலும் ஜிகினாத் தாள், கீழே சாட்டின் துணி, கைப்பிடியில் கதம்பம். இரண்டாவது டம்ளரில் ஒயரைப் பார்த்தேன். ஓவனின் பெரிய பிளக்கை ஒரு மல்டி பிளக்கில் செருகி, அதை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, அதே பாக்ஸில் மைக் செட்டையும் நல்வரவு பல்பு வரிசையையும் செருகியிருந்தார்கள். மூன்றாவது டம்ளரை வைத்துவிட்டு டெஸ்ட் லேம்ப்பை எடுத்துச் சுவர் பிளக்கில் வைத்தேன். எர்த்தில் வைத்தபோது பல்பு முனகக்கூட இல்லை. எர்த் கிடையாது.

பிறகு ஓவன் கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு குடம் அரிசி, ஒரு சீப்பு வாழைப்பழம், மஞ்சள் கொம்பு, பிளாஸ்டிக்கில் சுற்றிய கண்ணாடி சீப்பு பவுடர் செட், அடியில் ஒரு பட்டுப்புடவை.

"என்னாம்மா இது?" என்று கயல்விழியின் அம்மாவைக் கேட்டேன்.

"சீர்ப் பாத்திரத்தை காலியா குடுக்கக் கூடாதுங்க அண்ணே."

குடத்தை வெறுமையாகக் கொடுக்க மாட்டார்கள், எனக்கும் தெரியும். ஓவனையும் பாத்திரக் கணக்கில் சேர்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. மாமா ஸ்விட்சைப் போட்டபோது சூடு வராமல் போனது கடவுள் கிருபை. அந்த மாடல் ஓவனில் முதலில் மணியைச் சரியாக வைக்க வேண்டும், அதுவரை சூடாகாது. மணி வைக்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்திருந்தால் பட்டுப்புடவை வறுவல் கிடைத்திருக்கும்.

வெளியே போய் தாமோதரன் சாருக்கு போன் போட்டேன்.

"சார், ஓவன் புதுசு, நல்ல சாமான். போட்டுக் காட்டுனாத்தான் நம்புவாங்க. பொண்ணு வாழ்க்கை சார்."

"ஃபிட் பண்ணாம ஆன் பண்ண மாட்டோம்." குரல் கிசுகிசு.

"தெரியும் சார்."

"தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன் சார். மூணு டம்ளர்."

மூன்று டம்ளர் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். பிறகு குரல் சற்று உயர்ந்தது. உயர்ந்தால் கோபம் இல்லை என்று அர்த்தம். "அப்ப அங்கயே ஒரு வூடு கட்டு லூர்து. அது ஒண்ணுக்கு மட்டும். ஃபிட் பண்ணிட்டு ஆன் பண்ணு."

விதியை மீறச் சொல்லவில்லை பாருங்கள், மண்டபத்துக்குள் விதியைக் கொண்டுபோகச் சொன்னார். அதனால்தான் அவர் மேனேஜர்.

மண்டபத்தில் எர்த்தோடு கூடிய பதினாறு ஆம்ப் பிளக் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சமையல்கட்டின் பின்பக்கத் தாழ்வாரத்தில், கிரைண்டர் பாயிண்ட். அங்கே டெஸ்ட் லேம்ப் பளிச்சென்று எரிந்தது. ஆனால் அந்தப் பாயிண்ட் சமையல் மாஸ்டருடைய ராஜ்யம்.

"சாயந்திரத்துக்கு வடைக்கு அரைக்கணும் சாரே" என்றார்.

"எத்தன மணிக்கு?"

"பன்னெண்டுக்கு மாவு வேணும்."

"அதுக்குள்ள முடிச்சிடறேன்."

"நீங்க முடிக்கலன்னா நான் கிரைண்டரைத்தான் செருகுவேன். ஓவனா கிரைண்டரான்னா எனக்கு வடைதான் முக்கியம்."

முகூர்த்த நேரம் முழுக்க நான் தாழ்வாரத்தில் தச்சு வேலை பார்த்தேன். மேடை அலங்காரக்காரரிடம் கெஞ்சிக் கெட்டியான ரீப்பர் கட்டைகள் நான்கு வாங்கினேன். அவர் எங்கிருந்து உருவினார் என்று அப்போது நான் கவனிக்கவில்லை. கல்யாண வீடியோவில் பார்த்தால், தாலி கட்டும்போது வாசலில் நல்வரவுப் பலகை ஒருபக்கமாகச் சாய்ந்து எட்டிப் பார்ப்பது தெரியும்.

தாழ்வாரத்தின் சிமெண்ட் தரை மட்டமாக இருந்தது. இரண்டு ரீப்பரை நீளவாக்கில் கிடத்தி, முன்பக்கம் ஒன்றரை அடி நீட்டிவிட்டேன். அவற்றின் மேல் இரண்டைச் செங்குத்தாக நிறுத்தி முட்டுக் கொடுத்து ஆணி அடித்தேன். ஓவனைத் தூக்கி வந்து கிடத்திய கட்டைகளின் மேல் வைத்தோம். அதன் முகப்புச் சட்டத்தில் அலமாரியோடு முடுக்க ஓட்டைகள் இருக்கும். அவற்றின் வழியாக ஸ்க்ரூ போட்டு அந்தச் செங்குத்துக் கட்டைகளோடு முடுக்கினேன். பின்னாலும் பக்கத்திலும் மேலேயும் காற்றுக்குத் தாராளமாக இடம் விட்டேன். ஜிகினாவை உரித்து, சந்தனத்தை வழித்து, பூவை அவிழ்த்தேன். கதவைத் திறந்து அதன் மேல் கையால் அமுக்கிப் பார்த்தேன். பொட்டி சலாம் வைக்கவில்லை. லால்பேட்டை அம்மாவை மனதுக்குள் கும்பிட்டேன். சுற்றிலும் மூன்றடி தள்ளிக் கயிறு கட்டி, பட்டு கட்டியவர்களும் குழந்தைகளும் கயிற்றுக்கு வெளியே என்று அறிவித்தேன். மண்டபத்தில் இருந்த எல்லாருமே ஒன்று பட்டு கட்டியிருந்தார்கள், இல்லையென்றால் குழந்தைகள்.

அதற்குள் தாலி கட்டி முடிந்து கூட்டம் பின்பக்கம் வந்துவிட்டது. பெரியம்மாவின் நாற்காலியும் வந்தது.

மணியை வைத்தேன். புது ஓவனை முதல் தடவை வெறுமையாக நல்ல சூட்டில் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். தயாரிப்பில் பூசிய எண்ணெய் அப்போதுதான் எரியும். புகையும் வாடையும் வரும், வந்து ஓய்ந்துவிடும். உள்ளே இருந்த குடம், பழம், புடவை எல்லாவற்றையும் எடுத்து கயல்விழியின் அம்மாவிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் நகரவில்லை.

"நல்ல நேரத்துல காலியா ஏத்தக் கூடாதுங்க அண்ணே. பொண்ணு வாழப்போற அடுப்பு. என்னமாச்சும் உள்ள இருக்கணும்."

"காலியாத்தாம்மா ஏத்தணும். கம்பெனி ரூல்."

"எங்க வூட்டு ரூலும் ரூலுதான்."

பெண்ணைப் பெற்றவளிடம் எதை வாதாடுவது. எரியாத, உருகாத, வாடை அடிக்காத மங்கலப் பொருள் ஒன்று வேண்டும். சமையல்கட்டைச் சுற்றிப் பார்த்தேன். எதிரே உப்பு மூட்டை இருந்தது. ஒரு சின்ன எவர்சில்வர் தட்டில் ஒரு பிடி கல் உப்பை வைத்து உள்ளே வைத்தேன். அந்த அம்மா முகம் மலர்ந்தது. வேலையில் சேர்ந்த நாள்முதல் நான் செய்ததிலேயே புத்திசாலித்தனமான காரியம் என்று அப்போது நினைத்தேன்.

பத்து நிமிடம் அமைதி. பிறகு வாடை கிளம்பியது, எண்ணெய் வாடை. கதவு இடுக்கிலிருந்து நூல் மாதிரிப் புகை வந்தது. கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. "நான் சொல்லல, எலும்புக்கூடு எரியுது" என்றார் தாய்மாமா. இது சாதாரணம், இப்படித்தான் இருக்கும் என்று நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து பட் என்றது. பிறகு பட், பட், படபட, சடசட.

கல் உப்பு சூட்டில் வெடிக்கும். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த விஷயம், அந்த நேரம் பார்த்து மறந்துபோயிருந்தது. பெருமாள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். கயல்விழி மாலையோடு ஓடிவந்து கயிற்றுக்கு வெளியே நின்றாள். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை வடிந்துகொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். நிறுத்திவிட ஸ்விட்சில் கை வைத்தேன்.

"நிறுத்தாதீங்க" என்றார் பெரியம்மா.

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டிருந்தார். "உள்ள என்னா வச்சீங்க?"

"உப்பும்மா."

பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அம்மாடி, எம்மாந் திருஷ்டி. நேத்துலருந்து ஊரு கண்ணு பூரா இதும்மேலதானே இருந்துச்சு. அதான் ஓடாம கெடந்திருக்கு. வெடிக்கட்டும். எல்லாம் போவட்டும்."

நேற்றிலிருந்து அதன்மேல் முதல் கண் வைத்தது யார் என்று சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது. வேலையில் நான் பேசாமல் இருந்து சம்பாதித்ததுதான் அதிகம், அன்றும் பேசவில்லை. ஒவ்வொரு 'பட்' சத்தத்துக்கும் கூட்டத்தில் ஒரு கிழவி, "பக்கத்து வூட்டுக் கண்ணு, எதுத்த வூட்டுக் கண்ணு" என்று கணக்குச் சொன்னார். உப்பு அடங்கியது. வாடையும் புகையும் ஓய்ந்தன. திருஷ்டி முழுக்க இறங்கிவிட்டதாகத் தாய்மாமாவே ஒப்புக்கொண்டார்.

பிறகு நெய் பிஸ்கட். மைதா, நெய், பொடித்த சர்க்கரை மூன்றையும் சமையல் மாஸ்டரே கொடுத்தார். கயல்விழி கூறைப்புடவையில் இருந்ததால் கயிற்றைத் தாண்டி வர நான் அனுமதிக்கவில்லை. சதீஷ் மாலையையும் பட்டு அங்கவஸ்திரத்தையும் கழற்றிவிட்டு, யாரோ கொடுத்த கைலியைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தான்.

"நெய்யை மொத்தமா கொட்டாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா" என்று அவள் கயிற்றுக்கு வெளியே இருந்து சொன்னாள்.

"போதுமா?"

"இன்னும். பிடிச்சா பிடிபடணும், விட்டா உதிரணும்."

"எனக்கு எதுவும் பிடிபடல."

"ஒங்களுக்கு இல்ல, மாவுக்கு."

கூட்டம் சிரித்தது, பெரியம்மாவும் சிரித்தார். வளர்த்த பிள்ளை மாவு பிசைவதை அவர் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாராம். தட்டை வைக்கும்போது கதவின் மேல் ஊன்றக் கூடாது என்று நான் பக்கத்திலேயே நின்றேன். கால் மணி நேரத்தில் தாழ்வாரம் முழுக்க நெய் மணம். சூடு ஆறுவதற்கு முன்பே பெரியம்மா ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மென்றார். இன்னொன்றை எடுத்தார். அப்போது சமையல் மாஸ்டர் கிரைண்டர் பிளக்கோடு வந்து நின்றார். பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. "அலமாரியில ஃபிட் பண்ணாம இனிமே யாரும் ஆன் பண்ணக் கூடாதும்மா" என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு ஓவன் பிளக்கை உருவினேன்.

அன்றைக்கு சாயந்திரம் தாமோதரன் சாரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். உப்பு என்ற இடம் வந்ததும் நிறுத்தினார். "மேனுவல்ல இருக்கா?" உதடு மட்டும்தான் அசைந்தது. மறுநாள் சர்வீஸ் அறைச் சுவரில் அவர் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. முதல் சூட்டின்போது ஓவனுக்குள் எதையும் வைக்கக் கூடாது, உப்பு உட்பட. என் பெயரோடு உப்பை ஒட்டவைத்தது அந்தத் தாள்தான். அதில் எழுதியிருந்ததும் சரிதான். அன்று எனக்கு வாய்த்தது அதிர்ஷ்டம், அதை யாரும் வேலைமுறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்று நாள் கழித்து, ஆசாரி வேலை முடிந்ததும், சிதம்பரத்தில் அந்த வீட்டுக்கு ஓவனைப் பொருத்தப் போனேன். தண்ணீர் கேட்டேன். வயரிங் நன்றாக இருந்தது, அரை டம்ளரிலேயே முடிந்துவிட்டது. ஓவன் சமையலறைத் தரையில் என் ரீப்பர் சட்டத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தது. அதன் பிளக்கைத்தான் காணோம். ஒயரை இழுத்துப் பார்த்தேன், முனையில் மஞ்சள் துணி சுற்றி மூன்று முடிச்சு போட்டிருந்தது.

"நான்தான் கட்டி வச்சேன்" என்றார் பெரியம்மா. "ஃபிட் பண்ணாம யாரும் ஆன் பண்ணக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. சதீஷு ரெண்டு தடவ பிஸ்கட்டு போடறேன்னு வந்தான். தொரத்திவுட்டேன்."

என்னோடு வேலை பார்த்த பையன்கள்கூட அந்த விதியை அப்படிக் காத்ததில்லை. அலமாரியில் ஏற்றி, முடுக்கி, சட்டை போட்டு முடித்தேன். சரிபார்க்கக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு கிண்ணத்தில் கல் உப்பு. பெரியம்மாவைப் பார்த்தேன்.

"காலியா இருக்கக் கூடாதில்ல" என்றார்.

கையோடு அதை எடுத்து வெளியே வைத்துவிட்டு, பொருத்திக் கொடுத்ததற்கான படிவத்தை எடுத்தேன். வாடிக்கையாளர் பெயர் என்ற இடத்தில் எழுதுவதற்கு முன், வீட்டுக்குப் பெரியவர் என்ற மரியாதையில், "ஒங்க பேரையே போட்டுடட்டுமா அம்மா?" என்று கேட்டேன்.

பெரியம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "என் பேரு எதுக்கு? கயல்விழின்னு எழுதுங்க. அவ சம்பாரிச்சு வாங்குனது" என்றார். நான் எழுதி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்று, எழுத்து சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.